கிளிப் பண்ணாத போனிக்கு குளிர்காலத்துல ரக் போடணுமா?

இங்கிலாந்துல அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சதும் எங்க யார்டுல, அதாவது நாங்க பல பேரு சேர்ந்து குதிரைங்களை வெச்சிருக்குற இடத்துல, பேச்சு மொத்தமா மாறிடும். யாருக்கு எந்த ரக், எத்தனை கிராம், கழுத்து மூடினதா மூடாததா, இன்னிக்கு ராத்திரி 4 டிகிரின்னு போட்டிருக்கான் மீடியம் போதுமா ஹெவி போடணுமா, இப்படியே மார்ச் வரைக்கும் ஓடும். ரக்னா குதிரைக்குப் போடுற போர்வைதான். வெளிய மேயும்போது போடுறது டர்ன்அவுட் ரக், மேல மழைத்தண்ணி இறங்காத துணி, உள்ள பாலியஸ்டர் ஃபில்லிங், அந்த ஃபில்லிங்கோட கனத்தைத்தான் கிராம் கணக்குல சொல்வாங்க. எங்ககிட்ட இருக்குறது ஒரு ஃபெல் போனி, போனின்னா குட்டையான இனத்துக் குதிரை, அவனோட குதிரை பாஸ்போர்ட்டுல நீளமா வேற பேரு இருக்கு, வீட்டுல எங்களுக்கு கருப்பன். அவனுக்கு நாங்க கிளிப் பண்றதில்ல, அதாவது குளிர்காலத்துக்கு வளர்ற முடியை மெஷின் வெச்சு வழிக்கிறதில்ல. பசங்களுக்காக போனி வாங்கின நம்ம ஆளுங்க சில பேரு "எல்லாரும் போடுறாங்களே, நீங்க ஏன் போடல, எங்க போனிக்கு போடணுமா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். கிளிப் பண்ணாத, ஆரோக்கியமா இருக்குற, சதை சரியா இருக்குற நேட்டிவ் போனிக்கு சாதாரண குளிர்காலத்துல ரக் தேவையில்ல. ஆனா இதை ஒரு விதியா வெச்சுக்கிட்டு போனியைப் பார்க்காமயே இருந்துடக் கூடாது. ஒவ்வொரு நாளும் அது உடம்புல கையை வெச்சுப் பார்த்துட்டுதான் முடிவு பண்ணணும். நமக்கு குளிருதா இல்லையாங்குறது அந்தக் கணக்குலயே வரக்கூடாது.

நேட்டிவ் போனின்னா இந்த பிரிட்டன், அயர்லாந்து தீவுகள்லயே மலையிலயும் சதுப்புலயும் காத்துலயும் தலைமுறை தலைமுறையா வளர்ந்த இனங்க. எக்ஸ்மூர், டார்ட்மூர், நியூ ஃபாரஸ்ட், வெல்ஷ், டேல்ஸ், ஹைலேண்ட், ஷெட்லண்ட், கானமாரா, அப்புறம் எங்க ஃபெல். 2022ல எலிசபெத் ராணியோட இறுதி ஊர்வலம் வின்ட்சருக்குள்ள போனப்போ வழி ஓரமா புல்லுல ஒரு கருப்பு போனி நின்னுச்சே, டிவியில பார்த்திருப்பீங்க, எம்மான்னு பேரு, அது ஃபெல் போனிதான். இந்த ஃபெல் போனிங்களோட சொந்த ஊரு வடமேற்கு இங்கிலாந்துல இருக்குற கும்ப்ரியா மலைங்க, இன்னிக்கும் சில மந்தைங்க அங்க வருஷம் பூரா மலையிலயே திரியுது. அந்த மலை எப்படிப்பட்ட மலைன்னா, 2015 டிசம்பர்ல டெஸ்மண்ட் புயல் வந்தப்போ ஹானிஸ்டர்ங்குற கணவாயில 24 மணி நேரத்துல 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டிச்சு, பிரிட்டன்ல அதுக்கு முன்னாடி அப்படி ஒரு நாள் மழையை அளந்ததே இல்ல. அப்பேர்ப்பட்ட இடத்துக்குன்னு அமைஞ்ச உடம்புதான் கருப்பனுக்கும், குட்டைக் காலு, கனத்த உருண்டை உடம்பு, சின்னக் காது, குளம்பு வரைக்கும் தொங்குற முடி.

அந்த உடம்புல குளிர்காலத்துக்கு வளர்ற முடியைப் பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு. குளிர் வந்த பிறகுதான் முடி வளருதுன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. உண்மையில ஜூன் கடைசியில பகல் குறைய ஆரம்பிச்சதுமே உடம்புக்குத் தெரிஞ்சுடும், ஆகஸ்டுலயே கோடைகால முடி கொட்டி புது முடி முளைக்க ஆரம்பிக்கும், அதே மாதிரி டிசம்பர் தாண்டி பகல் நீள ஆரம்பிச்சதும், இன்னும் பனி பெஞ்சுட்டு இருக்கும்போதே, உதிர ஆரம்பிச்சுடும். குளிரோட அளவும் கொஞ்சம் சேர்ந்து அந்த முடியோட அடர்த்தியை மாத்தும், ஆனா மணி அடிக்கிறது வெளிச்சம்தான். நேட்டிவ் போனிக்கு இந்த முடி ரெண்டு அடுக்கு. உள்ள கம்பளி மாதிரி குட்டையா நெருக்கமா ஒண்ணு, மேல நீளமா கொஞ்சம் முரடா எண்ணெய் பிசுக்கோட ஒண்ணு. மழை பெய்யும்போது மேல் முடி கொத்துக் கொத்தா சேர்ந்து நுனி கூராகி தண்ணியை கீழ வடிச்சு விட்டுடும், ஓலைக் கூரை எப்படி தண்ணியை இறவாணத்துக்கு இறக்கி விடுதோ அப்படி. அதனாலதான் குளிர்காலத்துல இவனை நான் குளிப்பாட்டவும் மாட்டேன், பளபளன்னு பிரஷ் போட்டு தேய்க்கவும் மாட்டேன், அந்த பிசுக்கு போயிட்டா கூரை பிரிஞ்ச மாதிரிதான். சேறை மட்டும் சேணம் உக்கார்ற இடத்துல உதிர்த்துட்டு விட்டுடுவேன்.

இன்னொரு வேலையும் அந்த முடி செய்யுது. தோலுக்கு அடியில ஒவ்வொரு முடிக்கும் ஒரு குட்டித் தசை இருக்கு, குளிர் அடிச்சா அது முடியைத் தூக்கி நிறுத்தும், நமக்கு புல்லரிக்குதே அதே சமாச்சாரம், நமக்கு முடி இல்லாததால பிரயோஜனமில்ல, அவனுக்கு அந்த நிமிந்த முடிக்கு நடுவுல காத்து சிக்கி நின்னு உடம்புச் சூட்டை வெளிய விடாது. வெயில் வந்தா முடி படிஞ்சுடும், சாயங்காலம் குளிர்ந்தா மறுபடி நிமிரும், நாள் பூரா தானே கூட்டிக் குறைச்சுக்குவான். இப்போ இது மேல ஒரு மெல்லிசு ரக்கை, ஃபில்லிங்கே இல்லாத ஒண்ணை, "சும்மா மழைக்கு மட்டும்"னு போட்டு பட்டையை இழுத்துக் கட்டினா என்ன ஆகும்? முடி அமுங்கிடும், சிக்கி நின்ன காத்து போயிடும், அதுக்கு பதிலா நாம குடுத்த துணியில சூடு காக்க எதுவும் கிடையாது. நல்லது பண்றோம்னு நினைச்சு போட்ட ரக்காலயே போனிக்கு முன்னைவிட குளிரலாம். ஆமா, கொட்டுற மழையும் சுழிச்சு அடிக்கிற காத்தும் சேர்ந்து வர்ற அன்னிக்கு கணக்கு வேற, அதுக்கு வர்றேன்.

எண்ணிக்கையில சொன்னா இன்னும் தெளிவா புரியும். மனுஷன் துணி இல்லாம சும்மா உக்கார்ந்திருந்தா 25லருந்து 30 டிகிரி வரைக்கும்தான் உடம்புக்கு கூடுதல் வேலை இல்லாம இருக்கும். வளர்ந்த குதிரைக்கு அந்த எல்லை சுமாரா 5லருந்து 25 டிகிரின்னு சொல்றாங்க, குளிருக்குப் பழகின குதிரைக்கு இன்னும் ரொம்ப கீழ போகும், கனடாவுல ஆல்பர்ட்டா பக்கம் குளிர்ல இருந்த குதிரைங்களை வெச்சு பார்த்தப்போ மைனஸ் 15 வரைக்கும் போச்சு. இங்க வட இங்கிலாந்துல குளிர்கால பகல் சாதாரணமா 5, 6, 7 டிகிரின்னு இருக்கும். நான் ரெண்டு ஜாக்கெட் போட்டுக்கிட்டு கை விரைச்சுப் போய் கேட்டைத் திறக்கும்போது கருப்பனுக்கு அது வசதியான நாள். அவனுக்கு சிரமமான நாளு ஜூலையிலதான் வரும், நிழல்ல நின்னு மூச்சு வாங்குவான், அப்போ அவனைப் பார்த்து யாரும் பாவப்படறதில்ல.

ஒரு ஜனவரியில நல்ல பனி பெஞ்சு கிடக்கு, கருப்பன் முதுகு பூரா வெள்ளையா பனி, அம்மாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன். அம்மாவுக்கு தாங்கல. "ஏண்டி, முதுகுல பனி அப்படியே கெடக்கு, ஒரு போர்வை எடுத்துப் போடக்கூடாதா? வாயில்லா ஜீவன்டி, குளிருதுன்னு சொல்லவா முடியும் அதால?" "அம்மா, பனி உருகாம கெடக்குல்ல, அதைப் பாரும்மா. அவன் உடம்புச் சூடு வெளிய வந்திருந்தா அது எப்பவோ உருகி ஓடியிருக்கும், சூடெல்லாம் உள்ளயே நிக்குது." அம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் கேட்டாங்க, "சரி, வயித்துக்கு ஒழுங்கா போடுறியா?"

அந்த ரெண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. குதிரைக்கு குளிர்காலத்துல அடுப்பு வயித்துக்குள்ளதான் இருக்கு. புல்லு, ஹே (காய வெச்ச புல்லு) மாதிரி நார்ப்பொருளை அது பின்குடல்ல கிருமிங்களை வெச்சு புளிக்க வெச்சுத்தான் செரிக்குது, அப்படி புளிக்கும்போது வர்ற சூடு உடம்பு பூரா போகும். தானியம், கலர் பாக்கெட்ல வர்ற மிக்ஸ் இதெல்லாம் சிறுகுடல்லயே செரிச்சுடும், அந்த அளவுக்கு சூடு வராது, மேல சதைதான் ஏறும். அதனால குளிர் ஜாஸ்தியா இருக்குன்னு ஒரு வாளி மிக்ஸ் வைக்கிறதைவிட இன்னொரு வலை ஹே கட்டுறது எவ்வளவோ மேல். போனியோட எடையில நூத்துக்கு ஒண்ணரையிலருந்து ரெண்டு பங்கு வரைக்கும் உலர்ந்த தீவனம் ஒரு நாளைக்கு வேணும், 350 கிலோ போனின்னா அஞ்சேகாலிலருந்து ஏழு கிலோ. குண்டா இருக்குறதுக்கு கீழ் அளவு, ஒல்லியா இருக்குறதுக்கு மேல் அளவு. அதைவிட முக்கியம், ராத்திரி பூரா வயிறு காலியா நிக்காம இருக்கணும், சின்ன ஓட்டை வலையில போட்டா மெதுவா தின்னும். தண்ணித் தொட்டியில ஐஸை உடைக்கணும், வெறும் காஞ்ச ஹே தின்னுட்டு தண்ணி குறைவா குடிச்சா குடல்ல அடைச்சுக்கும், கோலிக்ங்குற கடுமையான வயித்துவலி வந்துடும். ரக் கடையில செலவு பண்ற நேரத்துல பாதியை இதுக்கு குடுத்தாலே போனிக்கு பெரிய உதவி.

இப்போ நான் ரொம்ப கவலைப்படற விஷயத்துக்கு வர்றேன், எடை. நேட்டிவ் போனியோட உடம்பு ஒரு வருஷச் சுழற்சிக்கு அமைஞ்சது. கோடையில புல்லு நிறைய கிடைக்கும்போது தின்னு கொழுப்பு சேர்த்துக்கும், குளிர்காலத்துல புல்லுல சத்து இல்லாம, குளிரையும் சமாளிச்சு, அந்தக் கொழுப்பைக் கரைச்சுக்கிட்டு மார்ச்சுல லேசா மெலிஞ்சு வெளிய வரும். அப்போதான் ஏப்ரல் மே மாசத்துல சர்க்கரை நிறைஞ்ச புதுப் புல்லு வரும்போது அது உடம்பு தாங்கும். நாம என்ன பண்றோம், கோடை பூரா உரம் போட்ட பச்சை வயல்ல விட்டு கொழுக்க வெச்சுட்டு, குளிர்காலத்துல மேல கனமா ரக்கைப் போட்டு, உள்ள வாளி வாளியா தீனி வெச்சு, ஒரு கிராம் கூட குறைய விடறதில்ல. குண்டா நுழைஞ்சு குண்டாவே வெளிய வர்ற போனி அடுத்த வசந்தத்துல இன்னும் கொஞ்சம் குண்டாகும். வருஷா வருஷம் இப்படி ஏறி ஏறி இன்சுலின் கோளாறு வந்து, கடைசியில லாமினைட்டிஸ். லாமினைட்டிஸ் வந்த போனியை நேர்ல பார்த்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல, குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சு நிக்கிற அடுக்கு வீங்கி பிரியுது, முன்னங்காலை நீட்டி பின்னுக்கு சாஞ்சு நிக்கும், ஒரு அடி எடுத்து வைக்க முடியாம நடுங்கும், சிலதை கருணைக்கொலை பண்றதைத் தவிர வேற வழி இருக்காது. பிரிட்டன்ல நேட்டிவ் போனிங்களுக்கு குளிரால வர்ற ஆபத்தைவிட கொழுப்பால வர்ற ஆபத்துதான் எல்லா யார்டுலயும் கண்ணு முன்னால நிக்குது. அதனால கருப்பன் அவனோட சூட்டுக்கு அவனே கொஞ்சம் கொழுப்பை எரிக்கணும், அதுக்கு நான் வழி விடணும். ரக் போடாம இருக்குறதை நான் செலவு மிச்சம்னு பார்க்கல, அது அவன் காலுக்கு நான் செய்யுற வைத்தியம்.

அதுக்காக மெலிஞ்சாலும் பரவாயில்லன்னு விட்டுடறதும் இல்ல. குளிர்கால முடி கண்ணை ஏமாத்தும், உள்ள விலா எலும்பு துருத்திட்டு இருந்தாலும் வெளிய பார்க்க புஸ்னு குண்டாத்தான் தெரியும். கைதான் பேசணும். விலாவுல விரலை தட்டையா வெச்சு தேய்ச்சா எலும்பு தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது, கழுத்து மேட்டுல கொழுப்பு கெட்டியா இருக்கான்னு பிடிச்சுப் பார்க்கணும், வால் ஆரம்பிக்கிற இடம், முதுகெலும்பு ரெண்டு பக்கமும் அமுக்கிப் பார்க்கணும். இங்க பெரும்பாலும் சதைக்கு 0லருந்து 5 வரைக்கும் மார்க் போடுறாங்க, 0ன்னா எலும்பும் தோலும், 5ன்னா ரொம்ப குண்டு, நான் கருப்பனை குளிர்காலத் தொடக்கத்துல 3ல வெச்சு மார்ச்சுல 2.5க்கு இறங்குற மாதிரி பார்த்துக்கறேன். வெயிட் டேப் வெச்சு மாசா மாசம் நெஞ்சைச் சுத்தி அளந்து குறிச்சு வெச்சா மறதிக்கு வேலையில்ல. அது கிலோ கணக்கை துல்லியமா சொல்லாது, ஆனா ஏறுதா இறங்குதான்னு கண்டிப்பா சொல்லும்.

சரி, எப்போதான் ரக் போடறது? வெறும் குளிரைவிட மழையும் காத்தும் சேர்ந்து வர்றதுதான் போனியை முறிக்கும், மைனஸ் 5ல வெயிலோட உறைஞ்சு கிடக்குற காலை அவனுக்கு சொர்க்கம், 4 டிகிரியில ரெண்டு மூணு நாள் விடாம சாய்வா அடிக்கிற மழை, ஒதுங்க இடமே இல்லாத வயல், அதுதான் கஷ்டம். முடி தோல் வரைக்கும் நனைஞ்சுட்டா உள்ள காத்து கிடையாது, காப்பும் போச்சு. அதனால மழையில நான் பண்றது ஒரு சின்ன சோதனை. முதுகுலயும் இடுப்புலயும் முடிக்குள்ள விரலை விட்டு பிளந்து பார்ப்பேன். மேல சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும், விரல் உள்ள போனா தோல் காஞ்சு வெதுவெதுன்னு இருக்கும். அப்படி இருந்தா கதை முடிஞ்சது, ஹே கட்டிட்டு வந்துடுவேன். தோலே ஈரமா சில்லுனு இருந்தா, நடுக்கம் இருந்தா, முதுகைக் கூனி வாலை ஒடுக்கிட்டு திங்காம நின்னா, அது குளிர்ல இருக்குற போனி, அப்போ தாமதிக்கக் கூடாது, ஒதுக்குப்புறம் கொண்டு போய் ஹே குடுத்து காய வெச்சு ரக் போட்டாகணும். காதைத் தொட்டுப் பார்த்து முடிவு பண்றவங்க உண்டு, காது சில்லுனு இருக்குறது உடம்பு ரத்தத்தை உள்ளுக்கு இழுத்து வெச்சிருக்குறதாலயும் இருக்கலாம், அதை மட்டும் நம்ப முடியாது.

ஒதுங்க இடம்னா மூணு பக்கம் மூடின ஷெட்டாத்தான் இருக்கணும்னு இல்ல. அடர்ந்த வேலிச்செடி, கல்லுச் சுவர், மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற பள்ளம், எதுவா இருந்தாலும் காத்துக்கு முதுகைக் குடுத்து நிக்க இடம் வேணும். ஷெட்டைக் கட்டிக் குடுத்தா உள்ள போகாம வெளிய மழையில நிக்கிறானேன்னு புலம்புறவங்களை நிறைய பார்த்திருக்கேன், அது அவன் தேர்வு, வேணும்னா போவான்னு நமக்குத் தெரிஞ்சா போதும். எங்க வயல்ல மேக்குப் பக்கம் பழைய கல்லுச் சுவர் ஒண்ணு இருக்கு, இங்க காத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும், கருப்பன் அதை ஒட்டியேதான் நிப்பான். அந்தச் சுவர் இல்லாத மொட்டை வயலா இருந்திருந்தா என் முடிவும் வேற மாதிரி இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

இயற்கையா விட்டா எல்லாம் அதுவே பார்த்துக்கும்னு பேசுறவங்களோடயும் எனக்கு உடன்பாடு இல்ல. 2013 மார்ச்சுல வேல்ஸ்ல கார்னெதாய் (Carneddau) மலையில பெரிய பனிப்புயல் அடிச்சு, அங்க காலங்காலமா வாழ்ந்துட்டு வர்ற காட்டு போனிங்க நிறைய செத்துப்போச்சு. குளிருக்குன்னே உருவான உடம்புக்கும் ஒரு எல்லை இருக்கு, அதுவும் குளிர்காலம் முடியப் போற நேரம், சேர்த்து வெச்சதெல்லாம் கரைஞ்சிருக்கும், தீவனம் பனிக்கு அடியில போயிருக்கும். நம்ம வேலிக்குள்ள இருக்குற போனிக்கு தானா வேற பள்ளத்தாக்குக்கு நடந்து போற வசதியும் இல்ல, அதுக்கு பதிலா அதுக்கு நாமதான் இருக்கோம். 2006ல வந்த விலங்கு நல சட்டமும் இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் அந்தப் பொறுப்பை நம்ம தலையிலதான் வெச்சிருக்கு.

வயசான போனி, பல்லு போன போனி, நோய்ல இருந்து எழுந்து வர்றது, குட்டி, இதுங்களுக்கெல்லாம் நான் மேல சொன்னது பொருந்தாது. எங்க யார்டுல வயசான வெல்ஷ் பெண் போனி ஒண்ணு இருக்கு, சுருள் சுருளா நீளமா முடி, யார்டுலயே அடர்த்தியான முடி அவளுக்குத்தான், பார்க்குறவங்க எல்லாரும் "இவளுக்கு எதுக்கு ரக்"னு கேப்பாங்க. அந்த முடியே நோயோட அடையாளம், பிபிஐடி, குஷிங்ஸ்னு சொல்ற ஹார்மோன் கோளாறு. கோடையிலயும் முடி கொட்டாது, கண்ட நேரத்துல வியர்க்கும், வியர்த்த ஈரத்துலயே குளிரும், முதுகுச் சதை கரைஞ்சு போயிருக்கும். அவளுக்கு தினம் மாத்திரை உண்டு, ஹே மெல்ல முடியாததால ஊற வெச்ச நார்த்தீவனம் உண்டு, மழை நாள்ல ரக்கும் உண்டு. அவளை வெச்சிருக்குற அம்மா மழை வரப் போகுதுன்னா முன்னாடியே வந்து காஞ்ச உடம்புல போட்டு, மழை விட்டதும் கழட்டி, கையாலயே உடம்பு பூரா தடவிப் பார்ப்பாங்க. பக்கத்து பக்கத்து வயல்ல கருப்பன் வெறும் உடம்போட, அவ ரக்கோட, ரெண்டு முடிவும் சரிதான்.

குதிரைகிட்டயே கேட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஒண்ணும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. நார்வேயில 23 குதிரைங்களுக்கு பலகையில வரைஞ்ச அடையாளங்களைக் கத்துக் குடுத்தாங்க, படுக்கக் கோடு போட்ட பலகையை மூக்கால தொட்டா ரக் போடுவாங்க, நிக்கிற கோட்டைத் தொட்டா கழட்டுவாங்க, வெறும் வெள்ளையைத் தொட்டா இருக்குறபடியே விடுவாங்க. 23ம் ரெண்டு வாரத்துக்குள்ள கத்துக்கிச்சு, முடிவை 2016ல வெளியிட்டாங்க. வெயில் நாள்ல கழட்டச் சொல்லுச்சு, ஈரமும் காத்தும் குளிருமா இருந்த நாள்ல போடச் சொல்லுச்சு. அந்தப் பலகை நம்ம யார்டுல இல்ல, ஆனா ஒவ்வொண்ணும் தன் உடம்பைப் பத்தி தெளிவாத்தான் வெச்சிருக்குன்னு தெரிஞ்ச பிறகு, அது எங்க போய் நிக்குது, திங்குதா, நடுங்குதான்னு பார்க்குறதுல எனக்கு நம்பிக்கை கூடிப்போச்சு.

நடைமுறைச் சிக்கலும் இருக்கு, அதை மறைக்கல. டிசம்பர் கடைசியில இங்க வெளிச்சம் ஏழரை மணி நேரம்கூட வராது, வேலைக்குப் போறவங்க இருட்டுல வந்து இருட்டுலதான் போகணும், சனிக்கிழமை பொண்ணு சவாரி போகணும்னு வந்தா போனி சேத்துல புரண்டு சொட்டச் சொட்ட நிக்கும், ஈர முதுகுல சேணம் போட முடியாது. இதுக்காக வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் ஃபில்லிங் இல்லாத ரக் போடுறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், காத்து இல்லாத மிதமான ராத்திரியா இருந்தா போனிக்கு ஒண்ணும் ஆகாது. நாங்க அதுக்கு பதிலா முன்ராத்திரியே ஸ்டேபிளுக்குள்ள கட்டி காய விடறோம். சவாரியில வியர்த்துட்டா மட்டும் ஃப்ளீஸ் மாதிரி ஈரத்தை இழுத்து வெளிய விடற ஒண்ணைப் போட்டு, காஞ்சதும் எடுத்துடுவோம். கடினமா வேலை வாங்கி தினமும் வியர்க்க வெச்சு அதனால கிளிப் பண்ணுறவங்க கதை தனி, முடியை எடுத்தாச்சுன்னா அந்த இடத்தை நிரப்புறது நம்ம கடமை, அங்க ரக் வேணுமாங்குற கேள்வியே கிடையாது.

ரக் போடறதுன்னு முடிவு பண்ணீங்கன்னா அதையும் முழுசா பண்ணுங்க. போட்டுட்டு ஒரு வாரம் திரும்பிப் பார்க்காம விடறதுதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. தினமும் கழட்டிப் பார்க்கணும், தோள்ல முடி தேய்ஞ்சிருக்கா, முதுகு முகட்டுல புண்ணா, ஈரம் உள்ள இறங்கியிருக்கா, பேன் இருக்கா, மழையில வர்ற ரெயின் ஸ்கால்டுங்குற தோல் நோய்க் கொப்புளம் இருக்கா. ரக்குக்கு அடியில மெலிஞ்சுகிட்டே போறதும் தெரியாது, கொழுத்துகிட்டே போறதும் தெரியாது. காலையில 3 டிகிரின்னு போட்ட ரக் மத்தியானம் 12 டிகிரி வெயில்லயும் அது மேலயேதான் இருக்கும், அதால ஜிப்பைத் திறக்க முடியாது. போனி அதிகச் சூட்டுல நின்னா நம்ம கண்ணுக்கு சுகமா நிக்கிற மாதிரியே இருக்கும், கையை தோள்பட்டைக்குப் பின்னாடி உள்ள விட்டுப் பார்த்தாத்தான் பிசுபிசுப்பு தெரியும். நேட்டிவ் போனிக்கு ரக் வேணும்னா பெரும்பாலும் லைட் வெயிட், 50 கிராம் 100 கிராம், அதுக்கு மேல 300 கிராம்லாம் கிளிப் பண்ணின மெல்லிசுத் தோல் குதிரைங்களுக்கு ஆனது. அளவு சரியா இருக்கணும், அகலமான உருண்டை உடம்புக்கு நெஞ்சு பட்டை இறுக்காத வெட்டு கிடைக்கிற பிராண்டா தேடிப் பிடிக்கணும். நனைஞ்ச ரக்கை மறுபடி போடறதுக்கு போடாமயே விடறது மேல், அதனால மாத்துக்கு ஒண்ணு கட்டாயம்.

யார்டுல சுத்தி எல்லாரும் போடும்போது ஒருத்தர் மட்டும் போடாம இருக்குறது லேசு இல்ல, அதுவும் நாம இங்க புதுசா வந்தவங்க, குதிரையோட வளர்ந்தவங்க இல்ல, ஏதாவது தப்பா பண்றோமோன்னு பார்க்குறாங்களோங்குற எண்ணம் வரும். யாராவது கேட்டா நான் வாதம் பண்றதில்ல, வாங்க, கையை உள்ள விட்டுப் பாருங்கன்னு கூப்பிடுவேன். பாதிப் பேரு அந்தச் சூட்டைத் தொட்டதுமே சிரிச்சுடுவாங்க. நீங்களும் உங்க போனிக்கு இந்த வாரமே அதைச் செஞ்சு பாருங்க, காஞ்ச நாள்ல ஒரு தடவை, நல்லா நனைஞ்ச நாள்ல ஒரு தடவை, காத்து அடிக்கிற நாள்ல ஒரு தடவை, ரக் எதுவும் புதுசா வாங்குறதுக்கு முன்னாடி.

சேணமெல்லாம் வைக்கிற எங்க டாக் ரூம்ல கருப்பன் அளவுக்கு ஒரு 50 கிராம் ரக் மடிச்சு வெச்சுத்தான் இருக்கேன், செப்டம்பர்லயே பட்டை, கொக்கி, தையல் எல்லாம் சரிபார்த்து தண்ணி இறங்காத ஸ்ப்ரே அடிச்சாச்சு. சதை 2க்கு கீழ இறங்கினாலோ, நோய்னு கால்நடை டாக்டர் சொன்னாலோ, தோல் வரைக்கும் நனைஞ்சு காயாம நின்னாலோ அன்னிக்கே எடுத்துப் போட்டுடுவேன். அடுத்து அவனுக்கு பல்லு பார்க்க ஆள் வரணும், ஹே நல்லா மெல்லுறானான்னு தெரிஞ்சுகிட்டா இந்தக் குளிர்காலத்துக்கு பாதி வேலை முடிஞ்ச மாதிரி.